பீட்டில்ஸின் 1962 ஜூன் 6 பதிவு: எது மிஞ்சியது, எது போனது

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸ் முதன்முதலில் ஈஎம்ஐ ரெக்கார்டு கம்பெனியின் லண்டன் ஸ்டுடியோவில் 1962 ஜூன் 6 அன்று பதிவு செய்த பாட்டுகளில் எவை இன்று இருக்கின்றன, எப்படிக் கிடைத்தன என்பது ஒன்று. இணையத்தில் 'முழு ஈஎம்ஐ ஆடிஷன்' என்று நான்கு பாட்டையும் சேர்த்துப் போடுகிறார்களே, அது நிஜமா என்பது இன்னொன்று. சுருக்கமாகச் சொன்னால், அன்றைக்குப் பதிவானது நான்கு, இருப்பது இரண்டு. 'பெசமே மூச்சோ'வும் 'லவ் மீ டூ'வும் இருக்கின்றன. 'பி.எஸ். ஐ லவ் யூ', 'ஆஸ்க் மீ வை' இரண்டின் அன்றைய பதிவும் இதுவரை வெளியே வரவில்லை. நான்கும் இருப்பதாக யார் போட்டாலும் அதில் பாதி வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதுதான்.

சரி, விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்த இரண்டு பாட்டு எப்படிப் பிழைத்தன என்பது தெரிந்தால்தான் மற்ற இரண்டையும் எங்கே தேடலாம் என்பது புரியும்.

அபே ரோடு 3-ஆம் எண் கட்டடம் அப்போது வெறும் ஈஎம்ஐ ஸ்டுடியோதான், அந்தத் தெருவின் பெயரில் பீட்டில்ஸ் ஆல்பம் வர இன்னும் 7 வருடம் இருக்கிறது. (நம்மூரில் நாய் படம் போட்டு வந்த எச்.எம்.வி. தட்டுகள் எல்லாம் இதே ஈஎம்ஐ குடும்பத்துச் சரக்குதான்.) அன்று மாலை வந்தவர்கள் ஜான், பால், ஜார்ஜ், டிரம்மர் பீட் பெஸ்ட். பெஸ்ட் இடத்துக்குப் பிறகு வந்த ரிங்கோ இன்னும் சேரவில்லை. ஈஎம்ஐ தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தொடக்கத்தில் அறையில் இல்லை, அவருடைய உதவியாளர் ரான் ரிச்சர்ட்ஸ் பதிவை நடத்தினார். ஒலிப்பதிவுப் பொறியாளர் நார்மன் ஸ்மித், டேப் ஓட்டியவர் கிறிஸ் நீல். 'லவ் மீ டூ' காதில் விழுந்த பிறகுதான் கேன்டீனில் இருந்த மார்ட்டினைக் கூப்பிட ஆள் போனது.

அவர்கள் கொண்டு வந்த சாமான்களைப் பற்றி ஸ்டுடியோக்காரர்கள் பின்னாளில் சொன்னது, பதிவைக் கேட்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். பாலின் பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் அவ்வளவு இரைந்தது, அதை வைத்துக்கொண்டு பதிவே செய்ய முடியாது என்ற நிலை. கென் டவுன்சென்ட் என்ற தொழில்நுட்ப ஊழியரும் ஸ்மித்தும் எதிரொலி அறையில் இருந்த ஒரு பெரிய டானாய் ஸ்பீக்கரைத் தூக்கி வந்து, ஒரு ஆம்ப்ளிஃபையரை அதோடு பற்றவைத்து, பாலுக்கு அங்கேயே ஒரு பேஸ் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். ஜானின் ஆம்ப்ளிஃபையர் கடகடவென்று ஆடியது, அதைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். லிவர்பூலிலும் ஹாம்பர்கிலும் மணிக்கணக்காக மேடையில் வாசித்தே அந்தச் சாமான்கள் அந்தக் கதிக்கு வந்திருந்தன. இன்று கேட்கக் கிடைக்கும் இரண்டு பாட்டிலும் பேஸ் அவ்வளவு கனமாக, வட்டமாக இருப்பதற்கு அந்த அவசர ஸ்பீக்கருக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம் என்ன ஆனது? பதிவு முடிந்தது, மார்ட்டினுக்குப் பையன்களைப் பிடித்தது, டிரம்ஸ் பிடிக்கவில்லை. பதிவுக்கு வேறு டிரம்மரை வைத்துக்கொள்வதாக மேலாளர் பிரையன் எப்ஸ்டைனிடம் சொன்னார். ஆகஸ்ட் 16 அன்று பீட் பெஸ்ட் நீக்கப்பட்டார். ஜூன் 6 பதிவில் வெளியிடத் தகுந்தது எதுவும் இல்லை என்று ஆகிவிட்டதால் அந்த டேப்புக்கு ஈஎம்ஐ கணக்கில் மதிப்பே இல்லை. அந்தக் காலத்தில் டேப் விலை உயர்ந்த பொருள், வெளிவரப்போகும் பாட்டின் மூல டேப்பை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடுவதுதான் வழக்கம். பீட்டில்ஸுக்கு என்று தனியாக ஓரவஞ்சனை எதுவும் நடக்கவில்லை. நான்கு மாதம் கழித்து வந்த முதல் ஒற்றைத் தட்டுக்கே (சிங்கிள்) என்ன கதி என்று பாருங்கள்: செப்டம்பர் 4 அன்று ரிங்கோ வாசித்த 'லவ் மீ டூ' அக்டோபர் 5-ஆம் தேதி தட்டாக வந்து பிரிட்டிஷ் பட்டியலில் 17-ஆம் இடம் வரை போனது. அதன் மூல டேப் இன்று இல்லை. பிற்கால மறுபதிப்புகளுக்கு, நல்ல நிலையில் இருந்த பழைய தட்டு ஒன்றைத் தேடி, அதை ஓடவிட்டுத்தான் நகல் எடுத்தார்கள். வெளியாகி விற்ற பாட்டுக்கே இப்படி என்றால், நிராகரித்த சோதனைப் பதிவு எந்த மூலைக்கு?

அதனால் இந்தத் தேடலில் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: ஸ்டுடியோ அலமாரியில் இருந்த டேப்பைத் தேடாதீர்கள், கட்டடத்தை விட்டு வெளியே போன பிரதியைத் தேடுங்கள். அன்றைக்கு ஒரு பாட்டை வீட்டிலோ ஆபீஸிலோ கேட்க வேண்டும் என்றால் டேப்பைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். அசிடேட் என்று சொல்லும் ஒரு தட்டை வெட்டித் தருவார்கள். அலுமினியத் தகட்டின் மேல் அரக்கு மாதிரி ஒரு பூச்சு, அதில் ஊசி நேரடியாகப் பள்ளம் கீறும். கடையில் விற்கிற தட்டு மாதிரி அச்சடித்து வருவதில்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாக வெட்டியது. பத்து இருபது முறை ஓட்டினாலே உயர்ந்த சுருதி ஓசைகள் தேய ஆரம்பித்துவிடும், காரணம் அது நாலைந்து பேர் கேட்டு முடிவு சொல்வதற்காகச் செய்த பொருள். இப்படி வெளியே போன தட்டுதான் நம்மைக் காப்பாற்றியிருக்கிறது.

'பெசமே மூச்சோ' முதலில் தெரிய வந்தது. 1985-ல் ஈஎம்ஐ 'செஷன்ஸ்' என்ற பெயரில் வெளியிடத் தயாரித்து, கடைசியில் வெளிவராமல் போன தொகுப்பில் அது இருந்தது. அந்தத் தொகுப்பு திருட்டுப் பதிப்பாகப் பரவியபோது இதுவும் சேர்ந்து பரவியது. 'லவ் மீ டூ'வை மட்டும் போய்விட்டது என்றே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். 1994-ல், பீட்டில்ஸின் வெளிவராத பதிவுகளைத் தொகுக்கும் 'ஆந்தாலஜி' வேலை நடந்துகொண்டிருந்த சமயம், அது ஜார்ஜ் மார்ட்டின் வீட்டிலேயே ஒரு அசிடேட்டாக இருந்தது தெரிந்தது, எடுத்துக் கொடுத்தவர் அவர் மனைவி ஜூடி. 32 வருடம். உலகத்திலேயே அதிகமாக ஆராயப்பட்ட இசைக்குழு, அதன் முதல் ஈஎம்ஐ பதிவு, அந்தக் குழுவின் தயாரிப்பாளர் வீட்டிலேயே இருந்திருக்கிறது. இதில் எனக்கு ஆச்சரியம் கொஞ்சம்தான், ஏனென்றால் மார்ட்டின் கேட்பதற்காக வெட்டிய தட்டு வேறு எங்கே போயிருக்கும்! 1995 நவம்பரில் 'ஆந்தாலஜி 1' வந்தபோது இரண்டும் அடுத்தடுத்து, முதல் சிடியில் 21-ஆவது 22-ஆவது பாட்டாக வெளிவந்தன. பீட் பெஸ்ட் வாசித்த பாட்டுகள் அந்தத் தொகுப்பில் பல இருந்ததால், 33 வருடத்துக்குப் பிறகு அவருக்கு அதிலிருந்து நல்ல தொகை உரிமைப் பணமாகப் போனது. எந்த நீதிமன்றமும் சொல்லாமலே நடந்த நியாயம் அது, எனக்கு அதில் உண்மையான சந்தோஷம்.

இப்போது 'இது எந்தப் பதிவு' என்று காதால் கண்டுபிடிக்கும் வேலை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

'லவ் மீ டூ' மூன்று உண்டு. மூன்றையும் வரிசையாகப் போட்டுக் கேளுங்கள். ஜூன் 6 பதிவு வேகம் குறைவு, இழுத்து நடக்கிற மாதிரி இருக்கும். நடுவில் மெட்டு மாறும் இடத்தில் பீட் பெஸ்ட் தாளத்தை மாற்றித் துள்ளலாக ஒன்று வாசிக்கிறார், அதிலிருந்து திரும்பி வரும்போது வேகம் தடுமாறுவது நன்றாகவே கேட்கும். அதைத் தெரிந்துகொண்டு ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு வேறு எதோடும் குழப்பம் வராது. செப்டம்பர் 4 பதிவில் ரிங்கோ, நேரான தாளம், டாம்பரின் (கையால் தட்டும் சலங்கை வளையம்) கிடையாது. செப்டம்பர் 11 பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் கூலிக்கு வந்த ஆண்டி ஒயிட், ரிங்கோ கையில் டாம்பரின் கொடுத்து ஓரமாக நிறுத்திவிட்டார்கள். முதல் ஆல்பத்தில் இருப்பதும், பிறகு அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததும் இந்த ஒயிட் பதிவுதான். ஆக, டாம்பரின் கேட்டால் ஒயிட், கேட்காமல் நேராகப் போனால் ரிங்கோ, நடுவில் தடுமாறினால் பெஸ்ட்.

பெஸ்ட்டைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. அந்தத் துள்ளல் அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து யோசித்து வைத்த மாற்றமாகத்தான் இருக்க வேண்டும், மேடையில் ஆட்டத்துக்கு நடுவே அது எடுபட்டும் இருக்கும். மைக் முன்னால் வந்ததும் எடுபடவில்லை. இந்தத் தட்டு கிடைக்காமல் போயிருந்தால் 'பெஸ்ட் ஏன் நீக்கப்பட்டார்' என்ற வாதத்தில் ஒரு பக்கத்து ஆதாரமே இல்லாமல் போயிருக்கும்.

'பெசமே மூச்சோ' இன்னும் குழப்பம். அந்த மெக்சிகோ பாட்டை அவர்கள் 1962-ல் பீட் பெஸ்ட்டோடு மூன்று இடத்தில் பதிவு செய்திருக்கிறார்கள், மூன்றும் கிடைக்கின்றன. ஜனவரி 1 அன்று இன்னொரு ரெக்கார்டு கம்பெனியான டெக்காவின் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் ஸ்டுடியோவில் சோதனைப் பதிவாக ஒன்று, ஜூன் 6 ஈஎம்ஐயில் ஒன்று, ஐந்து நாள் கழித்து ஜூன் 11 அன்று மான்செஸ்டர் பிளேஹவுஸ் அரங்கில் பிபிசி வானொலிக்காக ஒன்று. பிபிசி பதிவை உடனே கண்டுபிடித்துவிடலாம்: யாரோ வானொலியில் ஓடும்போது வீட்டில் டேப்பில் பிடித்தது, கரகரப்பு அதிகம், அரங்கில் ஆட்கள் இருந்த ஆரவாரம் கேட்கும். டெக்கா பதிவும் ஈஎம்ஐ பதிவும்தான் மாறிப்போகும். டெக்காவில் பாலின் குரலில் அன்றைய பதற்றம் அப்படியே தெரிகிறது. முந்தின நாள் பனியில் வேனில் லிவர்பூலிலிருந்து வந்து, காலையிலேயே பாட நின்ற குரல் அது. ஈஎம்ஐயில் அதே பால் நிதானமாக, தைரியமாகப் பாடுகிறார், கீழே பேஸ் கெட்டியாக நிற்கிறது. ஐந்து மாதத்தில் குழு எவ்வளவு தேறியிருக்கிறது என்பதற்கு இந்த இரண்டையும் ஒப்பிட்டாலே போதும்.

இந்த பிபிசி நிகழ்ச்சியை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். அதில் 'ஆஸ்க் மீ வை'யும் பாடியிருக்கிறார்கள், பீட் பெஸ்ட் டிரம்ஸோடு. அதாவது ஜூன் 6 அன்று தொலைந்த பாட்டு அந்த வாரத்தில் எப்படி ஒலித்திருக்கும் என்று தெரிந்துகொள்ள ஐந்து நாள் தள்ளி ஒரு சாட்சி இருக்கிறது, தரம் மோசம் என்றாலும் சாட்சிதான். 'முழு ஆடிஷன்' என்று போடுகிறவர்கள் கைதட்டலை வெட்டிவிட்டு இதைச் சேர்க்க வாய்ப்பு அதிகம். 'பி.எஸ். ஐ லவ் யூ' என்று ஒன்று சேர்த்திருந்தால் அதில் மராக்கஸ் (ஆட்டி ஒலிக்கும் கிலுகிலுப்பை) சத்தம் வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். வந்தால் அது செப்டம்பர் 11 பதிவு, ஆண்டி ஒயிட் டிரம்ஸ், மராக்கஸ் ஆட்டியது ரிங்கோ. இரைச்சல் சேர்த்து, ஓசையை மழுக்கி என்ன பண்ணினாலும் மராக்கஸை மறைக்க முடியாது.

மற்ற ஆரம்பகாலப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் நான் மேலே சொன்னது இன்னும் தெளிவாகும். 1958-ல் லிவர்பூல் கென்சிங்டன் பகுதியில் பெர்சி ஃபிலிப்ஸ் என்பவரின் வீட்டு ஸ்டுடியோவில் குவாரிமென் என்ற பெயரில் இரண்டு பாட்டு வெட்டினார்கள். ஒரே ஒரு தட்டு. குழுவில் ஆளுக்குக் கொஞ்ச நாள் என்று வைத்துக்கொண்டதில் கடைசியில் பியானோ வாசித்த ஜான் டஃப் லோவிடம் தங்கிவிட்டது, அவரிடமிருந்து 1981-ல் பால் மெக்கார்ட்னி வாங்கிக்கொண்டார். 1960 அக்டோபரில் ஹாம்பர்கின் அக்குஸ்டிக் ஸ்டுடியோவில் ரிங்கோ அப்போது இருந்த ரோரி ஸ்டார்ம் குழுவின் லூ வால்டர்ஸ் பாட, ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோ நால்வரும் பின்னால் வாசித்த 'சம்மர்டைம்' ஒன்று உண்டு. பிற்கால பீட்டில்ஸ் நால்வரும் சேர்ந்து பதிவு செய்த முதல் தருணம் அதுதான். சில தட்டுகள் வெட்டினார்கள், ஒன்றுகூட இன்று ஓட்டிக் கேட்கக் கிடைக்கவில்லை. ஜூன் 6 பதிவைவிட இதுதான் எனக்குப் பெரிய ஏக்கம்.

டெக்கா கதை நேர்மாறு. 15 பாட்டும் முழுசாக இருக்கிறது. அவர்களை டெக்கா வேண்டாம் என்று சொன்ன பிறகு எப்ஸ்டைன் அந்த டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக அலைந்தார். பிப்ரவரியில் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெரு எச்.எம்.வி. கடையில் தட்டு வெட்டிக்கொள்ளப் போனபோது, வெட்டிக் கொடுத்த ஜிம் ஃபாய்க்குப் பாட்டு பிடித்துப்போய், மாடியில் இருந்த பாடல் உரிமை நிறுவனத்தின் சிட் கோல்மனிடம் அனுப்ப, அங்கிருந்துதான் பேச்சு ஜார்ஜ் மார்ட்டின் வரை போனது. ஜூன் 6 என்று ஒரு தேதி வந்ததே அந்தத் தட்டு வெட்டிய நாளால்தான். அன்று வெட்டிய தட்டுகளில் ஒன்றை, எப்ஸ்டைன் கைப்பட எழுதிய லேபிளோடு, ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் குழுவின் லெஸ் மக்வைர் பல வருடம் வீட்டில் வைத்திருந்தார். 2016-ல் ஏலத்தில் 77,500 பவுண்டுக்குப் போனது. 2025-ல் கனடாவின் வான்கூவரில் ஒரு ரெக்கார்டு கடைக்காரரிடம், ரொம்ப நாள் கவனிக்காமல் கிடந்த ஒரு டேப்பை ஓட்டிப் பார்த்தால் டெக்கா பதிவு, பாட்டுக்குப் பாட்டு நடுவில் பதிவில்லாத வெள்ளை லீடர் டேப் ஒட்டி, அவ்வளவு சுத்தமாக. ஒரு காலத்தில் இசைத்தொழிலில் இருந்த ஒருவர் 1970-களில் லண்டனிலிருந்து கொண்டு வந்தது. கடைக்காரர் அதை விற்காமல் மெக்கார்ட்னியிடமே கொடுத்துவிட்டார், அந்த மனசுக்கு ஒரு கும்பிடு.

இத்தனையும் வைத்துப் பார்த்தால், மிச்ச இரண்டு பாட்டு என்றாவது கிடைத்தால் அது ஈஎம்ஐ கிடங்கிலிருந்து வராது. அன்று மார்ட்டினுக்கோ எப்ஸ்டைனுக்கோ பாடல் உரிமை ஆபீஸுக்கோ போன தட்டு, அவர்கள் வாரிசுகளின் வீட்டுப் பரணில் பெயர் எழுதாத உறையில் கிடந்தால் உண்டு. ஆனால் காலம் ஓடுகிறது. அசிடேட் பூச்சில் நெகிழ்வுக்காக ஆமணக்கு எண்ணெய் சேர்ப்பார்கள். வருடம் ஆக ஆக அந்த எண்ணெய் சிதைந்து மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கும், பூச்சு சுருங்கும், அலுமினியத்தை விட்டு விரிசல் விட்டுப் பெயர்ந்து வரும். பெயர்ந்தால் முடிந்தது, ஒட்ட முடியாது. அதனால், நீங்கள் வெளிநாட்டில் பழைய ரெக்கார்டு கடைகளில் தேடுகிற ஆள் என்று எழுதியிருந்தீர்களே, கையில் கனமான, ஓரத்தில் உலோகம் தெரிகிற, லேபிளில் கையால் எழுதிய தட்டு எது வந்தாலும் 'என்னதான் இருக்கு பார்ப்போம்' என்று வீட்டு பிளேயரில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஓட்டமும் பள்ளத்திலிருந்து கொஞ்சம் சீவி எடுக்கும். துடைக்க ஆல்கஹால் தொடவே கூடாது, பூச்சு கரையும். லேபிளையும் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, செங்குத்தாக நிறுத்தி, வெயில் படாமல் வைத்து, இந்த மாதிரித் தட்டுகளை நகலெடுத்துப் பழகிய ஒரு ஒலி ஆவணக் காப்பகத்திடம் கொடுங்கள். சரியான அளவு ஊசியைத் தேர்ந்து ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடுவார்கள்.

கேட்பதற்கு என்று கேட்டால், 'ஆந்தாலஜி 1' ஒன்றே போதும், இப்போது ஸ்ட்ரீமிங்கிலும் இருக்கிறது. 21, 22 கேட்டுவிட்டு அப்படியே 23-ஐயும் ஓடவிடுங்கள். அது செப்டம்பர் 4 அன்று மார்ட்டின் வற்புறுத்தலுக்காக அவர்கள் வேண்டாவெறுப்பாக வாசித்த 'ஹவ் டூ யூ டூ இட்', ரிங்கோ டிரம்ஸ். 22-க்கும் 23-க்கும் நடுவில் கழிந்தது மூன்று மாதம், மாறியது ஒரு ஆள். அதற்குப் பிறகு 2023-ல் வந்த, 'சிவப்பு ஆல்பம்' என்று சொல்லும் 1962-66 பாட்டுத் தொகுப்பின் புதுப் பதிப்பில் முதல் பாட்டைப் போடுங்கள். ரிங்கோவின் 'லவ் மீ டூ'வை, மூல டேப் இல்லாமலே, கணினியால் குரலையும் வாத்தியத்தையும் பிரித்தெடுத்து ஸ்டீரியோவாகக் கலந்திருக்கிறார்கள். ஜூன் 6 அசிடேட்டிலும் இதே வேலையைச் செய்ய முடியும், செய்தால் அந்த டானாய் ஸ்பீக்கரின் பேஸைத் தனியாகவே கேட்கலாம்.